ரெண்டு நிமிஷம் ஓடட்டும்

அன்னிக்கு காலையில ஜெயப்பிரகாஷ் என் ஷெட்டு வாசல்ல வண்டிய கொண்டாந்து நிறுத்துனப்பவே எனக்கு கை பரபரன்னு வந்துடுச்சி. பக்கத்துலயே வீல் ஸ்பேனர் கெடந்துது. எடுத்து மண்டையில ஒண்ணு போட்டா கதை முடிஞ்சிச்சி. ஆனா என் வாயி இன்னா சொல்லிச்சி தெரியுமா? "வாங்க மாப்ள. டீ சொல்லட்டுங்களா?"

மாப்ளயாச்சே. கூடப் பொறந்தவ புருசனாச்சே. த்தூ.

என் பேரு அறிவுச்செல்வன். கள்ளக்குறிச்சியில கச்சிராயபாளையம் ரோட்ல ஷெட்டு வச்சிருக்கேன். டீசல் காருக்கு பவர் ஏத்திக் குடுக்கிறது தொழிலு. இன்னாமோ பெரிய மந்திரம்னு நெனைக்காதீங்க. இஞ்சினுக்கு வேண்டியது காத்தும் டீசலும். டர்போன்னு ஒரு சின்ன காத்தாடி, இஞ்சின் கக்குற பொகையில சுத்தி, வெளிக்காத்த அமுக்கி உள்ள தள்ளும். அந்த அமுக்கத்துக்குத்தான் பூஸ்ட்டுன்னு பேரு. பூஸ்ட்டயும் டீசலயும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போற மாதிரி ஏத்தினா வண்டி பிச்சிக்கினு போவும். டீசல் ஜாஸ்தியாயி காத்து கம்மியாச்சின்னா கரும்பொக கக்கும், சூடு ஏறி பிஸ்டனே உருகிப்பூடும். பெரிய ஊர்ல இத்த செட் பண்ண ரோலர் மிசினு வச்சிருக்கான். எனக்கு அந்த வசதி ஏது? கல்வராயன்மலை ஏத்தந்தான் எனக்கு மிசினு. வண்டிக்காரரு ஓட்டுவாரு, நான் பக்கத்து சீட்ல லேப்டாப்ப மடியில வச்சிக்கினு வளைவுக்கு வளைவு மாத்திக்கினே போவேன்.

வர்றவங்க எல்லார்கிட்டயும் ஒரே ஒரு கண்டிசன் சொல்லுவேன். மெரட்டி ஓட்டிட்டு வந்து நின்னா உடனே ஆஃப் பண்ணாதீங்க, ரெண்டு நிமிஷம் சும்மா ஓடட்டும். டர்போ செவந்து கெடக்கும். அப்ப ஆஃப் பண்ணா ஆயில் ஓட்டம் நின்னு பேரிங் கருகிப்பூடும். பாதி பேரு காதுலயே வாங்க மாட்டான். ஜெயப்பிரகாஷ் மட்டும் அத்த கெட்டியா புடிச்சிக்கினான்.

மணலூர்பேட்டையில அவங்களுக்கு கரும்புத் தோட்டம் இருக்குது, நெல்லு வயல் இருக்குது, ஊர்ல ஒரு மரியாதையும் இருக்குது. அவனுக்கு அதுல எதுவும் பெருசில்ல, அந்த வெள்ளைக் கார்தான் பெருசு. எங்கயாச்சும் போயிட்டு வந்தா இவன் எறங்கி உள்ள பூடுவான். என் தங்கச்சி ராதிகா வண்டியிலயே குந்திக்கினு இருந்து, ரெண்டு நிமிஷம் கழிச்சி சாவிய திருப்பி எடுத்தாரணும். அதான் அவளுக்கு அந்த வூட்ல வேலை. ஸ்டீரிங்க மட்டும் தொடக்கூடாது. பொம்பள கால் பட்டா கிளட்ச் போயிடுமாம். ராதிகாவுக்கு வண்டி ஓட்ட கத்துக் குடுத்ததே நானு, கலியாணத்துக்கு முன்னாடி, இதே ஷெட்டு வாசல்ல. அவனவிட நல்லா ஓட்டுவா.

ஒருநாள் திருநாவலூர்ல ஒரு கலியாணத்துக்கு போயிட்டு வந்திருக்காங்க. அவன் வழக்கம்போல உள்ள பூட்டான். மாமியாரு பின்சீட்ல இருந்த பாத்திரத்த எடுத்தாடின்னு சத்தம் போட, இவ பதறி சாவிய திருப்பிட்டா. வண்டி சத்தம் நின்னது அவனுக்கு உள்ள கேட்டிருக்குது. வெளிய வந்தான். அவ வலது கையப் புடிச்சி கார் கதவு சந்துல வச்சி, கதவ சாத்தினான். ஒருக்கா இல்ல.

இப்பவும் அந்த மணிக்கட்டு கோணலாத்தான் இருக்குது. எங்கம்மா கேட்டதுக்கு பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன்னு சொன்னா. எனக்கு உண்மை தெரிஞ்ச அன்னிக்கே மணலூர்பேட்டைக்கு போயி ஹெல்மட்டாலயே அவன் மூஞ்சியில போட்டேன். மூக்கு ஒடஞ்சிச்சி. அப்புறம் இன்னா? பெரியவங்க கூடுனாங்க. பொண்ணு கொடுத்த வூட்டுக்காரன் மாப்ள மேல கை நீட்டலாமான்னு நாயம் பேசினாங்க. தாம்பாளத்துல வெத்தல பாக்கு வச்சி, நான் போயி அவன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். கை ஒடஞ்சவ ஓரமா நின்னு பாத்துக்கினு இருந்தா.

அவ அந்த வூட்ட விட்டு கெளம்பி வந்தது ஆடி மாசம். வந்தவள எங்க வூட்ல வச்சிக்கினா மறுநாளே வந்து இழுத்துக்கினு போவான். அவகூட காலேஜ்ல படிச்ச கவியா அதே கல்வராயன்மலை மேல இருக்கிறா. வெள்ளிமலை தாண்டி ஒரு சின்ன ஊரு. கவியா அப்பா மாதனுக்கு சாமை, மரவள்ளி வெவசாயம். நானே கொண்டுபோயி விட்டேன். "இங்க யாரும் தொடமாட்டாங்க, நீ போ சாமி"ன்னு மாதன் சொன்னாரு. ஜெயப்பிரகாஷ் ஊரெல்லாம் தேடினான். போடா, தேடுன்னு இருந்தேன்.

அப்படி இருக்கையிலதான் அன்னிக்கு வந்து நிக்கிறான். புரட்டாசி மாசம், நல்ல வெயிலு.

"மச்சான், பழசெல்லாம் மறந்துடு. வண்டி ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது. வா, மலைக்கு போயி செட் பண்ணிட்டு வந்துடலாம்."

மலைக்கா? தெரிஞ்சி கேக்கிறானா, தெரியாம கேக்கிறானா? முடியாதுன்னா சந்தேகம் வரும். எப்பவுமே மலையிலதான் செட் பண்ணுவேன், அது இவனுக்கும் தெரியும். கூடவே போனா வெள்ளிமலைக்கு கீழயே திருப்பி கூட்டியாந்துடலாம். அப்படித்தான் கணக்கு போட்டேன். அறிவுன்னு பேரு வச்சா மட்டும் போதுமா?

பின்சீட்ல அவன் கூட்டாளி தமிழழகன் குந்தியிருந்தான். கரும்பு லாரிக்கு ஆள் புடிச்சி விடுறவன், ஜெயப்பிரகாஷ் சிரிச்சா சிரிப்பான். இஞ்சின் பக்கத்துல நான் முன்னாடியே மாட்டி வச்சிருந்த பெட்டியிலருந்து ஒயர இழுத்து லேப்டாப்ல சொருவினேன். கவியாவுக்கு ஒரு மெசேஜ் தட்டலாம்னு போன எடுத்தேன். "வேலை நேரத்துல போன் எதுக்கு மச்சான்?"னு சிரிச்சிக்கினே வாங்கி அவன் சட்டைப் பாக்கெட்ல போட்டுக்கினான். அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

கோமுகி அணை தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சிச்சி. நானும் வேலைய பாத்தேன். பொய் சொல்லக்கூடாது, லேப்டாப் மடியில இருந்தா எனக்கு வேற எதுவும் தெரியாது. பூஸ்ட்ட கொஞ்சம் ஏத்தினேன், டீசல கொஞ்சம் விட்டேன். டேஷ்போர்டுல பொகை சூட்ட காட்டுற மீட்டரு, நான் வச்சது, முள்ளு அழகா நடுவுல நின்னுச்சி. வண்டி சும்மா ஜிவ்வுன்னு ஏறிச்சி. "அப்பிடிப் போடு"ன்னு அவன் ஸ்டீரிங்க தட்டினான்.

மேலுக்கு வந்ததும் சொன்னேன். "போதுங்க மாப்ள. செட்டாயிடுச்சி. இங்கயே திருப்புங்க, இதுக்கு மேல ரோடு செரியில்ல."

"இன்னும் கொஞ்ச தூரம் போலாம் மச்சான். சாமை வாங்கணும்." ரோட்டப் பாத்துக்கினே சொன்னான். "மாதன் வூட்ல நல்ல சாமை கெடைக்குமாமே?"

நான் லேப்டாப்லருந்து தலைய தூக்கினேன்.

"கவியா பொண்ணு ஸ்டேட்டஸ்ல போட்டோ போட்டிருந்துச்சி. சாமைக் கதிர ரெண்டு கை புடிச்சிக்கினு இருக்குது. மூஞ்சிய காட்டல. ஆனா மணிக்கட்டு கோணல். எம் பொண்டாட்டி கைய எனக்கு தெரியாதா மச்சான்? நான் பண்ணி வச்ச கையாச்சே." பின்னாடி தமிழழகன் சிரிச்சான். "நாங்க போனா கதவ தொறக்கமாட்டா. அண்ணன் போயி கூப்பிட்டா ஓடியாருவா. அதுக்குத்தான் நீ. வண்டிய செட் பண்ணது இனாம்."

நான் யோசிக்கல. விரல் தானா போச்சி. பூஸ்ட்ட அடியோட எறக்கி டீசல முழுசா தொறந்து விட்டேன். பின்னாடி ரோடே தெரியாத அளவுக்கு கரும்பொக. வண்டி மூச்சடைச்சி தெணறி நின்னுடும் போல ஆச்சி. அவ்ளோதான், ஜெயப்பிரகாஷ் முழங்கையால என் மூக்குல ஒண்ணு விட்டான் பாருங்க, கண்ணுல பூச்சி பறந்துச்சி. லேப்டாப் மேலயே ரத்தம் கொட்டிச்சி. பின்னாடிருந்து கரும்பு வெட்டுற கத்தி என் காதுகிட்ட வந்துது. தமிழழகன் சும்மா காட்டல, காது மடல்ல ஒரு இழுப்பு இழுத்தான்.

"யோவ், ஏத்துய்யா. பழையபடி ஏத்து. இல்லன்னா கழுத்துதான்."

ஏத்தணுமா? சரி, ஏத்துறேன்டா. உங்க ரெண்டு பேரையும் நடுரோட்ல நிக்க வைக்கிறேன். இவ்ளோ வருசம் ஒரு இஞ்சின கூட நான் கெடுத்ததில்ல. அன்னிக்கு கெடுக்கணும்னே கை வச்சேன். பூஸ்ட்ட ஏத்துனேன், டீசல ஏத்துனேன், இதுக்கு மேல போவாதேன்னு நான் போட்டு வச்சிருந்த தடுப்பயெல்லாம் எடுத்து கடாசினேன். உருகட்டும், வெடிக்கட்டும், எங்கன்னா வழியிலயே சாவட்டும்னு விட்டேன்.

வண்டி வெறி புடிச்சா மாதிரி பாஞ்சிச்சி. சீட்டோட முதுகு ஒட்டிக்கிச்சி. எதுக்க வந்த பால்வண்டிக்காரன் ரோட்ட விட்டு எறங்கி தப்பிச்சான். சூடு மீட்டரு முள்ளு செவப்புக்கு போயி, செவப்ப தாண்டி முட்டிக்கினு நின்னுச்சி. பானெட்லருந்து காஞ்ச இரும்பு வாசனை. ஒரு வளைவுல நான் எட்டி ஸ்டீரிங்க புடிச்சி இழுத்தேன். கார் தடுப்புச்சுவத்துல ஒராசி, என் பக்கத்து கதவு பூரா நெளிஞ்சி, கண்ணாடி ஒடஞ்சி என் மேலயே கொட்டிச்சி. தமிழழகன் பின்னாலருந்தே வெட்டினான். தோளு கிழிஞ்சிச்சி. ஜெயப்பிரகாஷுக்கு என் ரத்தம் பெருசில்ல. "எங்கார்டா! எங்கார்ல கோடு போட்டுட்டியேடா!"ன்னு என் தலைய புடிச்சி டேஷ்போர்டுல மோதினான், மறுபடியும் மோதினான்.

"டேய், நீ மனுசனாடா?"ன்னு கத்தினேன். கலியாணம் ஆன நாள்லருந்து 'வாங்க', 'போங்க'ன்னு பேசின வாயி. இந்த டேய்ய அன்னிக்கே சொல்லியிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்!

இஞ்சின் சாவல. பாழாப்போன இஞ்சின் சாவவே இல்ல. அவ்ளோ சுத்தமா வேலை செஞ்சி வச்சிருந்தேன் நானு. நல்ல ஆயிலு, நல்ல கேஸ்கெட்டு, ஒவ்வொரு போல்ட்டும் பாத்து பாத்து முறுக்கினது. என் கையாலயே என் தங்கச்சி வாசலுக்கு எமன கூட்டிக்கினு போறேன்னு எனக்கு அழுவையே வந்துடுச்சி.

மாதன் வூடு ஊருக்கு ஒதுக்குப்புறமா இருக்குது. முன்னாடி களம், களத்துல அறுத்த சாமைக்கட்டு, ஒரு பக்கம் இடுப்பளவு கருங்கல் சுவரு. கார் களத்துக்குள்ள பூந்து நின்னுச்சி. ஜெயப்பிரகாஷ் கைபிரேக்க இழுத்தான், நியூட்ரல் போட்டான். எறங்கறதுக்கு முன்னாடி அந்த வெறியிலயும் மீட்டர ஒருதரம் பாத்துக்கினான்.

"தமிழு, சாவிய எவனும் தொடக்கூடாது. ரெண்டு நிமிஷம் ஓடட்டும்" அப்படின்னான். கொலை செய்ய வந்தவன் சொல்றான்.

தமிழழகன் என்ன காலர புடிச்சி இழுத்து களத்துல தள்ளினான். ஜெயப்பிரகாஷ் அவன் கையிலருந்த கத்திய வாங்கிக்கினான். வூட்டுக் கதவு சாத்தியிருந்துச்சி. ஓட்டு வூடு, ஒத்தக் கதவு. அதுக்குப் பின்னாடி எந்தங்கச்சி இருக்கிறா, அவ மூச்சு சத்தம் கூட எனக்கு கேக்குற மாதிரி இருந்துச்சி.

"கூப்பிடு."

நான் வாய தொறந்தேன். "பாப்பா, வெளிய வராத! பின்பக்கமா ஓடு! ஓடுடீ!"

கத்திப்புடியால வாயிலயே குத்தினான். பல்லு ரெண்டு நாக்குல உருண்டுச்சி. அதுக்குள்ள மரவள்ளிக் காட்டுலருந்து மாதன் மம்முட்டியோட ஓடியாந்தாரு. வயசானவரு, ஆனா ஒரே போடு, தமிழழகன் முட்டியில வுழுந்துச்சி. அவன் "ஐயோ அம்மா"ன்னு உருண்டான். ஜெயப்பிரகாஷ் திரும்பி வீசினான். மாதன் கைய குறுக்க வச்சாரு. வெரலு தொங்கிச்சி. மம்முட்டி கீழ வுழுந்துச்சி. நான் அவன் காலக் கட்டிப்புடிச்சி கடிச்சேன், ஆமாங்க, நாயி மாதிரி கடிச்சேன். அவன் என்ன மல்லாத்தி நெஞ்சுமேல கால வச்சி மிதிச்சான். விலா எலும்பு முறியுற சத்தம் எனக்கே கேட்டுச்சி.

"ஏய் ராதிகா! எண்ணப்போறதில்ல, கேக்கப்போறதில்ல. இப்ப வரல, உங்கண்ணன் கழுத்து இங்கயே கெடக்கும்!" கத்திய ஓங்கினான்.

டப்னு ஒரு சத்தம். கார் கதவு சாத்துற சத்தம்.

அவன் கை அந்தரத்துல நின்னுச்சி. திரும்பிப் பாத்தான். நானும் படுத்தவாக்குல பாத்தேன். ராதிகா பின்வாசலால வந்து, சாமைக்கட்டு மறைவுலயே சுத்தி, டிரைவர் சீட்ல குந்தியிருந்தா. தலைமுடி அவுந்து கெடந்துச்சி. சாவிமேல அந்தக் கோணக் கை இருந்துச்சி.

கடவுள் மேல சத்தியமா சொல்றேன், அந்த ஆளுக்கு அப்ப கூட முதல்ல வாயில வந்தது இதுதான்: "அடியே! ஆஃப் பண்ணிடாதடி! டர்போ செவந்து கெடக்குது!"

ஒடஞ்ச ஜன்னல் வழியா அவ கொரலு தெளிவா கேட்டுச்சி. பயம் இல்ல, கோவம் கூட இல்ல. சோறு போடட்டுமான்னு கேக்குற கொரலு.

"ஆஃப் பண்ணலங்க."

சாவிய விட்டுட்டு கியர் மேல கைய வச்சா. அவனுக்கு அப்பதான் புரிஞ்சிச்சி. என் நெஞ்சுலருந்து கால எடுத்துட்டு, கத்திய ஓங்கிக்கினு காரப் பாத்து ஓடினான். "எறங்குடி! கிளட்ச்சுல கால வைக்காதடி!" கிட்ட போவ போவ கெட்ட கெட்ட வார்த்தை. டர்போ விசிலடிச்சிச்சி. நான் ஏத்தி வச்ச பூஸ்ட்டு, நான் தொறந்து விட்ட டீசலு, தடுப்பு எதுவும் இல்ல. முன்சக்கரம் மண்ண வாரி எறிஞ்சிச்சி.

அவன வாரிக்கினு போயி கருங்கல் சுவத்துல அடிச்சிச்சி வண்டி. அடிச்ச சத்தத்தவிட அதுக்கப்புறம் அவன் போட்ட சத்தந்தான் பெருசு. இடுப்புக்கு கீழ பானெட்டுக்கும் கல்லுக்கும் நடுவுல மாட்டிக்கிச்சி. கத்தி எங்கயோ தெறிச்சிப் போச்சி. பானெட் மேல ரெண்டு கையாலயும் அடிச்சி அடிச்சி அலறினான். வெள்ளை பெயிண்ட் பூரா ரத்தம். தமிழழகன் எழுந்து நொண்டிக்கினே மரவள்ளிக் காட்டுக்குள்ள ஓடிட்டான், கூட்டாளிய திரும்பிக்கூட பாக்கல.

எனக்கு பாவமா இருந்துச்சா? இல்ல. இருந்துச்சின்னு சொன்னா நான் பொய்யன்.

மாதன் துண்ட கையில சுத்திக்கினு ஊர்ப்பக்கம் சத்தம் போட்டுக்கினே போனாரு, ஆளக் கூட்டியார. நான் ஊந்து ஊந்து காருகிட்ட போனேன். இஞ்சின் இன்னும் ஓடிக்கினு இருந்துச்சி. நியூட்ரல்ல, ஒரே சீரா. அடிச்சி நின்ன ஒடனே நியூட்ரலுக்கு தள்ளி, கைபிரேக்கும் போட்டிருக்கா. ரெண்டு கையயும் மடியில வச்சிக்கினு, நேரா பாத்துக்கினு, அசையாம குந்தியிருந்தா. கண்ணாடிக்கு அந்தாண்ட அவன் கத்திக்கினு இருக்கிறான், இவ எப்பவும் குந்துற மாதிரியே குந்தியிருக்கிறா.

"பாப்பா," கூப்பிட்டேன். வாயில ரத்தம், சத்தமே வரல. "ஆஃப் பண்ணும்மா. முடிஞ்சிச்சி. ஆஃப் பண்ணிட்டு எறங்கு."

அவ மெதுவா என் பக்கம் திரும்பினா. இவ்ளோ நேரம் இல்லாத பயம் அப்பதான் அவ மூஞ்சியில வந்துச்சி.

"ரெண்டு நிமிஷம் ஆயிடுச்சாண்ணா?"ன்னு கேட்டா.

எனக்கு வெடிச்சி அழுவை வந்துடுச்சி. ஒடஞ்ச விலாவ புடிச்சிக்கினு, ஜன்னல் வழியா கைய விட்டு அவ தலைய தடவினேன்.

"ஆவலம்மா. நீ இப்பவே ஆஃப் பண்ணு."

கோணக் கைய தூக்கி சாவிய திருப்பினா. வண்டி நின்னுச்சி.